மறுப்பைக் கேட்கும் காதல்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடந்த 4 மாதங்களாகக் காதல் நாவல்களையே தேடி வாசித்தேன். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’, ‘பெர்சுவேஷன்’, ஷார்லட் பிராண்டியின் ‘ஜேன் ஐர்’, தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’, இவற்றுக்கு நடுவே தோழி கொடுத்த இரண்டு மாத நாவல்கள். அந்த இரண்டிலும் நாயகன் நாயகியை மிரட்டித் தாலி கட்டுகிறான். கடைசி அத்தியாயத்தில் அவள் அவனையே விரும்பிவிடுகிறாள். ஒரே மூச்சில் படித்தேன் என்பதை மறைக்கவில்லை. மூடி வைத்ததும் எரிச்சல்தான் மிஞ்சியது. ஆனால் ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ நாயகன் டார்சியும் ஆணவக்காரன்தான், ‘ஜேன் ஐர்’ நாயகன் ராச்செஸ்டர் மனைவி உயிரோடு இருப்பதை மறைத்தவன்தான். அவர்களை மட்டும் ஏன் கொண்டாடுகிறோம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் எரிச்சலை நம்புங்கள், அது சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது. நாயகன் நல்லவனா முரடனா என்று பார்ப்பதைவிட, நாயகி ‘மாட்டேன்’ என்று சொன்ன பிறகு கதையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நீங்கள் குறிப்பிடும் நாவல்களைப் பிரித்துக் காட்டும் கோடு அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

1813 ஜனவரியில் வெளிவந்த ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் எலிசபெத் பென்னட் இரண்டு பேரை மறுக்கிறாள். முதலில் வருபவர் பாதிரியார் காலின்ஸ். எலிசபெத்தின் தந்தை இறந்தால் அவர்கள் வாழும் வீடும் நிலமும் சட்டப்படி இந்தக் காலின்ஸுக்குத்தான் போகும். தாயும் 5 பெண்களும் வெளியேற வேண்டியதுதான். ஆகவே அவள் ‘மாட்டேன்’ என்பது கூரையைப் பணயம் வைத்துச் சொல்லும் சொல். காலின்ஸோ அதைக் காதிலேயே வாங்குவதில்லை. பண்புள்ள பெண்கள் மனத்துக்குள் சம்மதித்துக்கொண்டே முதலில் மறுப்பது வழக்கம் என்று அவளுக்கே விளக்குகிறார். உங்கள் தோழி கொடுத்த மாத நாவல்களின் நாயகர்களும் இதையேதான் நம்புகிறார்கள். 200 ஆண்டுகளுக்கு முன்பே ஆஸ்டின் அந்த நம்பிக்கையை நகைப்புக்குரிய பாத்திரத்தின் வாயில் வைத்துவிட்டார்; நாமோ அதை நாயகனுக்குக் கொடுத்துக் கைதட்டுகிறோம்.

61 அத்தியாயங்கள் கொண்ட அந்நாவலின் 34ஆம் அத்தியாயத்தில் டார்சி வருகிறான். ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானம் உள்ளவன், அவளுடைய குடும்பத்தின் தாழ்வைச் சொல்லிக் காட்டிக்கொண்டே காதலைத் தெரிவிக்கிறான். அவள் மறுக்கிறாள். நீங்கள் அவனை ஆணவக்காரன் என்பது முழு உண்மை. ஆனால் அடுத்து அவன் என்ன செய்கிறான் என்பதைக் கவனியுங்கள். மறுநாள் காலை ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு விலகிப் போய்விடுகிறான். காதலை மீண்டும் கேட்க அவன் அதை எழுதவில்லை. அவள் சாட்டிய குற்றங்களுக்கு விளக்கம் தரவே எழுதினான். அதன்பின் அவளுடைய தங்கையை இழிவிலிருந்து மீட்கப் பணம் செலவழித்தபோதும் அதை அவளுக்குத் தெரியாமல் மறைக்கவே முயல்கிறான். மறுபடி கேட்கும் நாளிலும், அவளுடைய மனம் மாறவில்லை என்றால் ஒரு சொல் போதும், இந்தப் பேச்சை இனி எடுக்கமாட்டேன் என்கிறான். அவள் மறுத்த காரணங்கள் அவனுக்குள் போய் வேலை செய்திருக்கின்றன. அந்தக் கடிதத்தை வாசித்த அவளும் தன்னுடைய கணிப்புகளைத் திருத்திக்கொள்கிறாள். மறுப்பு இல்லாவிட்டால் இருவருமே மாறியிருக்கமாட்டார்கள். அந்த மறுப்புதான் கதையை நடத்துகிறது.

ராச்செஸ்டர் விஷயத்தில் நான் உங்களோடு பாதி தூரம் வருகிறேன். அவன் பொய்யன், 1847இல் ‘ஜேன் ஐர்’ எழுதிய பிராண்டி அதை மூடி மறைக்கவில்லை. ஜேனை மணக்க நின்ற மணக்கூடத்தில் உண்மை வெளிப்பட்ட பிறகு அவன் கெஞ்சுகிறான், வாதாடுகிறான், சொல்வதைக் கேட்காவிட்டால் பலத்தைப் பயன்படுத்துவேன் என்றும் மிரட்டுகிறான். பிறகு அவனே உணர்கிறான்: கூண்டை நொறுக்கலாம், உள்ளிருக்கும் பறவை கைக்கு வராது. மாத நாவலில் இந்த இடத்தில் தாலி கட்டிவிடுவார்கள். ஜேனோ விடியற்காலையில் 20 ஷில்லிங்குடன் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். கொண்டுவந்த சிறு மூட்டையையும் வண்டியில் மறந்து, பசியில் பிச்சை கேட்கும் நிலைக்கு வருகிறாள். மறுப்புக்கு அவள் கொடுக்கும் விலையை ஆசிரியர் ஒரு பக்கத்தில் தாண்டிப் போகவில்லை.

அதே நாவலில் இரண்டாவது மறுப்பு ஒன்று உண்டு. அவசரமாக வாசிப்பவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். மதப்பணிக்காக இந்தியாவுக்குப் புறப்படும் செயின்ட் ஜான், அவளுக்கு இந்துஸ்தானி மொழியைக் கற்பித்து, மனைவியாக வரச் சொல்கிறான். நல்லவன், ஒழுக்கமானவன், கடவுள் பெயரால் கேட்பவன். உடன்பிறந்தாளாக வருகிறேன், மனைவியாக வரமாட்டேன் என்கிறாள் ஜேன். தீயவனை மறுப்பதைவிடக் குற்றம் சொல்ல முடியாதவனை மறுப்பது கடினம். அந்த அத்தியாயத்துக்காகவே இந்த நூலை என் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் ராச்செஸ்டரிடம் திரும்பும்போது வாரிசுச் சொத்தின் பங்காக 5,000 பவுண்டு அவள் கையில் இருக்கிறது. அவன் மனைவி இறந்துவிட்டாள். அவனுக்குப் பார்வை போயிருக்கிறது. வேறு போக்கிடம் இல்லாமல் அவள் வரவில்லை. ஆனால் மாடியறையில் பூட்டப்பட்ட அந்த மனைவிக்கு நாவலில் ஒரு நியாயமும் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொன்னால், அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அந்தக் குறையை ஈடுசெய்யத்தான் ஜீன் ரீஸ் 1966இல் தனி நாவலே எழுதினார்.

கேள்வி: ‘பெர்சுவேஷன்’ எனக்குச் சலிப்பூட்டியது. ஆன் எலியட் பிறர் பேச்சைக் கேட்டுக் காதலனைக் கைவிட்டுவிட்டு, 8 ஆண்டுகள் ஏங்குகிறாள். நீங்கள் சொல்லும் மறுப்பு இங்கே கோழைத்தனம் ஆகிவிடவில்லையா?
– அதே வாசகி

பதில்: 19 வயதில், தாயில்லாத பெண், தாயின் இடத்தில் இருந்த லேடி ரஸ்ஸல் சொன்னதைக் கேட்டாள். காதலன் வென்ட்வொர்த்திடம் அன்று பணமும் இல்லை, பதவியும் இல்லை; போர்க்காலக் கடற்படையில் ஓர் இளைஞன். தன்னுடைய நன்மைக்காக மட்டுமல்லாமல், அவனுடைய நன்மைக்காகவும் விலகுகிறோம் என்று நம்பியே அவள் விலகினாள். 27 வயதில் அவள் முகம் வாடியிருக்கிறது. அவனோ 25,000 பவுண்டு ஈட்டிய கேப்டனாகத் திரும்பி வருகிறான், அவளைப் பார்க்கவும் மனமில்லாமல். எதுவும் நடக்காததுபோல உங்களுக்குச் சலிப்புத் தட்டுவது இந்த இடத்தில்தான். ஒரே அறையில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பதுதான் அங்கே நடப்பது. குழந்தை ஒன்று அவள் முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும்போது, அவன் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வந்து அதைத் தூக்கிக்கொள்கிறானே, அந்த இடத்தை மீண்டும் வாசியுங்கள். அதற்கு நன்றி சொல்லக்கூட அவளுக்கு நாவெழவில்லை.

வென்ட்வொர்த்துக்கு அவளுடைய மறுப்பை மன்னிக்க 8 ஆண்டுகள் தேவைப்பட்டன. அவனுடைய கதை அதுதான். உறுதியான பெண்தான் வேண்டும் என்று தேடி, லூயிசா என்பவளின் பிடிவாதத்தை வியக்கிறான். லைம் ஊரின் கடற்சுவர்ப் படியிலிருந்து யார் சொல்லியும் கேட்காமல் குதித்து, அவள் தலையில் அடிபட்டு விழும்போதுதான், மன உறுதி வேறு, பிடிவாதம் வேறு என்று அவனுக்கு உறைக்கிறது. ஆன் இறுதியில் தன் இளமை முடிவைப் பற்றிப் பேசும்போதும் தன்னைப் பழித்துக்கொள்வதில்லை. அறிவுரை தவறாக இருந்திருக்கலாம், அன்று அதற்குக் கட்டுப்பட்டது தவறில்லை என்கிறாள். இவளைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: மறுத்த பிறகும் பின்தொடர்வதை மேல்நாட்டு அளவுகோலால் குற்றம் சொல்கிறீர்கள். நம் அகப்பாடல்களில் தலைவன் மடலேறுவேன், அதாவது பனைமடல் குதிரையில் ஏறித் தெருவில் வந்து காதலை ஊரறியச் செய்வேன் என்று மிரட்டவில்லையா?
– வாசகர், மதுரை

பதில்: நல்ல வேளையாக நம் அளவுகோல் அதைவிடக் கண்டிப்பானது. தொல்காப்பியம் அகத்திணையை ஏழாக வகுத்து, ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் ஒதுக்கி வைத்தது. நடுவிலுள்ள ஐந்துதான் அன்பின் ஐந்திணை. பெருந்திணைக் குறிப்புகள் நான்கைச் சொல்லும் நூற்பாவின் பட்டியல், ‘ஏறிய மடற்றிறம்’ என்று தொடங்கி, ‘மிக்க காமத்து மிடல்’ என்பதில் முடிகிறது. மிடல் என்றால் வலிமை. காமம் மிகுந்து வலிமையைக் காட்டுவது எதில் சேரும் என்று அந்த நூற்பாவே பதில் சொல்லிவிடுகிறது.

மடல் பற்றி நீங்கள் கேட்டது நுட்பமான கேள்வி. மடலேறுவேன் என்று தலைவன் தோழியிடம் சொல்வது மணத்துக்கு முந்திய மறைவான காதலாகிய களவு ஒழுக்கத்தில் இடம்பெறும்; ‘மாவென மடலும் ஊர்ப’ என்ற குறுந்தொகைப் பாட்டு அப்படிப்பட்டது. உண்மையாகவே பனங்கருக்கின்மேல் ஏறித் தெருவில் வந்துவிட்டானென்றால் அது பெருந்திணை. சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவே நம் முன்னோர் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். கையை அறுத்துக்கொண்டு சம்மதம் வாங்கும் இன்றைய நாயகன், அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறான் என்று நீங்களே பாருங்கள். இதோடு ‘சேட்படை’ என்ற துறையையும் நினைத்துக்கொள்ளுங்கள்: தலைவனைத் தோழி தூரத்தில் நிறுத்திப் பேசுவது. மறுப்பைக் கேட்டு நிற்பதும் தலைவனுடைய இலக்கணத்துக்குள் வருவதுதான்.

முரட்டு எசமான் திருந்தி மணப்பது என்னும் கதைச் சட்டகம் ஆங்கிலத்தில் பெரும்புகழ் பெற்றது ரிச்சர்ட்சன் 1740இல் எழுதிய ‘பமேலா’வில். பணிப்பெண்ணைத் துன்புறுத்தும் எசமானனே கடைசியில் அவளுக்குக் கணவனாகிறான். இப்போது ‘ஆன்டி ஹீரோ கதை’ என்று பெயர் சூட்டி எழுதப்படுபவை அந்தச் சட்டகத்தின் பேரப்பிள்ளைகள். எனவே எது மேல்நாட்டுச் சரக்கு என்ற வழக்கை நாம் மறுவிசாரணை செய்ய வேண்டியிருக்கிறது.

கேள்வி: ‘மோகமுள்’ளில் யமுனா முதலில் மறுத்து, பல ஆண்டுகள் கழித்துச் சம்மதிக்கிறாள். அது காதலா, வறுமையால் வந்த இணக்கமா? முதல் கடிதம் எழுதிய வாசகி இதைக் கேட்கவில்லையே என்று நான் கேட்கிறேன்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: கும்பகோணத்திலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் வியப்பு. இதற்கு என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. வாசிக்கும் வயதுக்கேற்ப என் எண்ணம் மாறியிருக்கிறது. இருபதுகளில் வாசித்தபோது, தன்னைவிட மூத்தவளுக்காகக் காத்திருக்கும் பாபுவின் தவம் என்று நினைத்தேன். நாற்பதுக்குமேல் வாசித்தபோது யமுனாவின் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். மராட்டியத் தாய்க்கும் தமிழ்த் தந்தைக்கும் பிறந்ததாலேயே ஒவ்வொரு வரனும் தட்டிப்போகிறது. தந்தை போன பிறகு சொத்தும் கரைகிறது. கடைசியில் அவள் சென்னைக்கு வந்து நிற்கும்போது, உதவி கேட்கத்தக்க ஒரே மனிதன் பாபுதான். இந்த நிலையில் சொல்லும் ‘சரி’க்கு எவ்வளவு எடை?

ஜானகிராமன் இந்த ஐயத்தை மறைக்கவில்லை என்பதுதான் அவருடைய பெருமை. அவள் தன்னைக் கொடுத்த பிறகு, இவ்வளவு காலமும் தவித்தது இதற்குத்தானா என்ற பொருளில் கேட்கும் கேள்வி பாபுவை மட்டுமல்ல, அவனோடு சேர்ந்து ஏங்கி வந்த வாசகனையும் குத்துகிறது. மாத நாவலாக இருந்தால் அவள் வெட்கித் தலைகுனிந்திருப்பாள். அவன் பல ஆண்டுகள் வற்புறுத்தாமல் இருந்தான் என்பது பாபுவின் பக்கம் இருக்கும் நியாயம். காத்திருப்பதும் ஒருவகை வற்புறுத்தல்தானே என்று நீங்கள் திருப்பிக் கேட்டால், அந்தக் கேள்வியோடு நாவலை இன்னொரு முறை திறப்பேன்.

கேள்வி: சுபமாக முடியாத காதல் நாவல்தான் இலக்கியம் என்கிறார்களே?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. ஆஸ்டின் முடித்து வெளிவந்த ஆறு நாவல்களும் திருமணத்தில்தான் முடிகின்றன. அரவிந்தன் இறந்து பூரணி தனித்து நிற்கும் ‘குறிஞ்சி மலர்’ நெஞ்சை அடைக்கிறது என்றால், அது முன்பே நா. பார்த்தசாரதி அவர்கள் இருவரையும் வளர்த்த விதத்தால்.

கேள்வி: சரி, ‘பெர்சுவேஷ’னை மீண்டும் வாசிக்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?
– தஞ்சாவூர் வாசகி, நம் அலுவலகத்துக்கு எழுதிய இரண்டாவது கடிதத்தில்

பதில்: 23ஆம் அத்தியாயத்திலிருந்து. ஆஸ்டின் 1816இல் இதன் முடிவை முதலில் வேறுவிதமாக எழுதினார்: அட்மிரலின் வீட்டில் இருவரும் தனித்து விடப்பட, வேறொருவனை அவள் மணக்கப் போகிறாளா என்று வென்ட்வொர்த்தே கேட்க நேர்ந்து, உண்மை வெளிப்பட்டு இணைகிறார்கள். அது அவருக்கு நிறைவு தரவில்லை. ஏற்கெனவே உடல்நலம் குன்றத் தொடங்கியிருந்த நிலையில் அந்தப் பக்கங்களை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதினார். மறு ஆண்டு ஜூலையில் 41 வயதில் காலமானார். ஒதுக்கிய தாள்கள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. புதிய வடிவத்தில், பாத் நகர விடுதி ஒன்றில், நம்பிக்கை அற்றுப்போன பிறகும் நெடுங்காலம் நேசிப்பவர்கள் ஆண்களா பெண்களா என்று ஆன் வேறொரு கேப்டனிடம் விவாதிக்கிறாள். சற்றுத் தள்ளி மேசையில் எழுதிக்கொண்டிருக்கும் வென்ட்வொர்த்தின் பேனா கீழே விழுகிறது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். 8 ஆண்டுகளுக்கு முன் மறுத்தவளின் குரலை, குறுக்கிடாமல் முழுவதுமாகக் கேட்டுவிட்டு, பேசுவதற்குப் பதில் ஒரு கடிதத்தை அவள் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்துவிட்டு அறையைவிட்டு வெளியேறுகிறான். அந்தப் பேனா விழும் வரியில் சற்று நில்லுங்கள்.