வாசகர் கேள்வி – பதில்: காட்டுத் திட்டத்தில் பைக் ஓட்டிகளுக்கு இடம் உண்டா?

பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு ரோட்டிலிருந்து பிரிகிற, மரம் ஏற்றிவரப் போட்ட பழைய கூப்பு ரோடுகளில் ஞாயிற்றுக்கிழமை பைக் ஓட்டுகிறோம். கேட்டும் இல்லை, போர்டும் இல்லை. வனத்துறையினர் மறித்து வழக்குப் போடுவோம் என்கிறார்கள். இது நியாயமா?
– வாசகர், குலசேகரம்

கேட் இல்லாததால் அனுமதி இருக்கிறது என்று ஆகாது. நம் மாவட்டத்து மலைக்காட்டில் பெரும்பகுதி, சுமார் 402 சதுர கிலோமீட்டர், 2008 முதல் கன்னியாகுமரி வன உயிரின சரணாலயம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவு, யாரெல்லாம் அனுமதிச் சீட்டு இல்லாமல் சரணாலயத்துக்குள் போகலாம் என்று சொல்கிறது. பணியில் உள்ள அரசு ஊழியர், உள்ளே வசிக்க அனுமதி பெற்றவர், உள்ளே அசையாச் சொத்தில் உரிமை உள்ளவர், பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து போகிறவர், இவர்களில் முதல் மூன்று வகையினரைச் சார்ந்து வாழ்பவர்கள். நீங்கள் வருவது 'கடந்து போகிறவர்' என்ற வகையில். தார் ரோட்டை விட்டு டயர் இறங்கிய நொடியே அந்தச் சலுகை போய்விடும்.

28-வது பிரிவில் சீட்டு வாங்கலாம். ஆனால் ஆய்வு, புகைப்படம், சுற்றுலா, உள்ளே வசிப்பவரோடு சட்டப்படியான வேலை என்று காரணங்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. 'பைக்கில் ஏறி இறங்கிப் பார்க்க' என்பதைச் சுற்றுலா என்று எந்த அதிகாரியும் எழுதித் தரமாட்டார். மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பலர் கவனிக்காதது 39-வது பிரிவு. குற்றத்துக்குப் பயன்பட்டு, சட்டப்படி பறிமுதலான வாகனம் அரசின் சொத்து. லோன் பாக்கி இருக்கிறது என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது.

கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு பக்கம் உள்ள அரசு ரப்பர் கழகத் தோட்ட ரோடுகளும் பொது ரோடு அல்ல. அவை வனத்துறையிடமிருந்து குத்தகைக்கு எடுத்த நிலத்தில் ஓடுபவை. அங்கே பால் வெட்டுகிறவர்கள் விடியலுக்கு முன்பே மரங்களுக்கிடையே நடமாடுவார்கள். யானை பயத்தோடு வேலை செய்கிற ஆட்களுக்கு நடுவே ஆறு மணிக்கு ஹெட்லைட் போட்டுக்கொண்டு போவது, சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், மரியாதை இல்லை.

அப்படியானால் எங்களுக்குப் பேசவே இடம் கிடையாதா? காட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்யும்போது எங்கே போய்ச் சொல்வது?
– வாசகர், தடிக்காரன்கோணம்

இடம் உண்டு. ஆனால் மாவட்ட வன அலுவலர் (டி.எஃப்.ஓ.) அலுவலக வாசலில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. எந்தக் காகிதம், அது எப்போது திறந்திருக்கும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் சரணாலயத்தின் மேலாண்மைத் திட்டம். சட்டத்தின் 33-வது பிரிவுப்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் இதை வைத்துத்தான் சரணாலயத்தை நிர்வகிக்க வேண்டும். 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வன உரிமைச் சட்டம் பொருந்துகிற இடங்களில் கிராம சபையைக் கலந்தாலோசித்தே திட்டம் தயாராக வேண்டும். நம் மலையில் அதற்கு அர்த்தம் காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள். ஆகவே முதலில் குடியிருப்பின் தலைவரான மூட்டுக்காணியைப் போய்ப் பாருங்கள். அவர்கள் ரேஷன் அரிசி கொண்டு வரும் பாதையை நீங்கள் கேட்கிறீர்கள் என்றால், அவர்கள் வேண்டாம் என்றபின் உங்கள் மனு மேலே நகராது. நகரவும் கூடாது.

அடுத்தது 33-பி பிரிவின் ஆலோசனைக் குழு. அதில் தொகுதி எம்.எல்.ஏ., ஊராட்சி அமைப்புகளிலிருந்து மூன்று பேர், தன்னார்வ அமைப்புகளிலிருந்து இரண்டு பேர், வன உயிரினப் பாதுகாப்பில் ஈடுபட்டவர்கள் மூன்று பேர் இருக்க வேண்டும். பைக் கிளப்புக்கு நாற்காலி கிடையாது. இருக்கிற நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, 'குழு உறுப்பினர் பட்டியல், கடைசி இரண்டு கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு, நடப்பு மேலாண்மைத் திட்டத்தில் சாலைகள் மற்றும் சுற்றுலா பற்றிய அத்தியாயத்தின் நகல்' என்று மூன்றே வரி. 30 நாளில் பதில் வர வேண்டும். 'ஏன் எங்களை அனுமதிக்கவில்லை?' என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சட்டத்தில் ஆவணம் கேட்கலாம், விளக்கம் கேட்க முடியாது.

பைக் ஓட்டிகளுக்கு உண்மையில் பிடி கிடைக்கிற இடம் மூன்றாவது: சூழல் உணர்திறன் மண்டலம், அதாவது சரணாலயத்தைச் சுற்றிக் கட்டுப்பாடுகளோடு குறிக்கப்படும் விளிம்புப் பகுதி. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வரைவு அறிவிக்கையை அரசிதழில் போடும். 60 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபனையோ ஆலோசனையோ அனுப்பலாம். இறுதி அறிவிக்கை வந்தபின் மாநில அரசு உள்ளூர் மக்களைக் கலந்து மண்டல முதன்மைத் திட்டம் போட வேண்டும். வழக்கமாக இதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் தருவார்கள். சுற்றுலாவுக்குத் தனித் திட்டமும் இரவு வாகனக் கட்டுப்பாடும் இதற்குள்தான் வரும். காட்டுக்கு வெளியே, விளிம்பில் ஓடுகிற ரோடுகளின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது. சரணாலயத்துக்குள்ளே கதவைத் தட்டி நேரத்தை வீணாக்குவதைவிட, விளிம்பில் கேட்பதே புத்திசாலித்தனம்.

கிராம சபைக்கும் ஒரு மனு கொடுத்து வையுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாட்கள். ஒரு வாரம் முன்பாவது ஊராட்சித் தலைவரிடமோ தனி அலுவலரிடமோ எழுதிக் கொடுத்துப் பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து பேசினால் மட்டும் பதிவேட்டில் ஏறாது. பேச்சிப்பாறை, தடிக்காரன்கோணம் ஊராட்சிகள். அங்கே இது நடக்கும். அழகியபாண்டியபுரம், குலசேகரம், கடையாலுமூடு பேரூராட்சிகள். அங்கே கிராம சபை கிடையாது, செயல் அலுவலரிடம்தான் போக வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன், அங்கே பைக் ஓட்டுகிறவர்கள் வனத்துறைத் திட்டத்தையே மாற்ற வைக்கிறார்கள் என்கிறான். உண்மையா?
– வாசகர், மார்த்தாண்டம்

உண்மைதான், ஆனால் அங்கே அடித்தளமே வேறு. அங்குள்ள 154 தேசிய வனங்களில் பொழுதுபோக்கு என்பது சட்டம் ஒப்புக்கொண்ட பயன்பாடு. நம் சரணாலயம் அப்படி அல்ல. இதை மறந்துவிட்டு அவர்கள் வழியை அப்படியே எடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

அங்கே இரண்டு அடுக்கு. 1976-ம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு வனத்துக்கும் ஒரு திட்டம். குறைந்தது 15 ஆண்டுக்கு ஒருமுறை திருத்த வேண்டும். அது எந்தப் பகுதியில் மோட்டார் வாகனம் பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பொதுவாகச் சொல்லும். எந்தப் பாதை என்பது வேறு முடிவு. 2005-ல் வந்த பயண மேலாண்மை விதிப்படி எந்த ரோடு, எந்தப் பாதை, எந்த வகை வண்டிக்கு, எந்த மாதங்களில் என்று குறித்து, இலவச வரைபடமாக வெளியிடுவார்கள். வரைபடத்தில் இல்லாத பாதை மூடிய பாதை. 'போர்டு இல்லையே' என்ற வாதம் அங்கேயும் எடுபடாது.

அவர்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்ட பாடம் இது: 2012-ம் ஆண்டு விதிப்படி, முழு சுற்றுச்சூழல் அறிக்கையோடு வருகிற வரைவுத் திட்டத்துக்குக் கருத்துச் சொல்ல குறைந்தது 90 நாள். பின்னால் முடிவை ஆட்சேபிக்க 60 நாள். ஆனால் ஆட்சேபிக்கும் உரிமை, முன்பே விஷயத்தோடு எழுத்தில் கருத்துக் கொடுத்தவருக்குத்தான். கருத்துச் சொல்லாமல் இருந்துவிட்டு, பாதை மூடியபின் கத்துகிறவருக்கு வழி இல்லை. இன்னொன்று, ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் அது ஒரே கருத்தாகத்தான் ஆராயப்படும். அது ஓட்டெடுப்பு அல்ல. ஒரு ஓடைக்கடவு, ஒரு மாதம், ஒரு மாற்று வழி என்று குறிப்பாக எழுதிய ஒற்றைக் கடிதத்துக்குத்தான் அதிகாரி தனியாகப் பதில் எழுத வேண்டியிருக்கும்.

எங்கள் கிளப்பில் 40 பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு தயார் செய்தோம். 'சாகசச் சுற்றுலாவை ஊக்குவிக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறோம். போதுமா?
– வாசகர், நாகர்கோவில்

போதாது. அந்த வாக்கியத்துக்கு எந்த அலுவலராலும் 'பரிசீலிக்கப்படும்' என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

'(வரைவு அறிவிக்கை எண், தேதி) தொடர்பாக: ... ஊராட்சி, ... சர்வே எண் வழியே ஓடும் 2.4 கி.மீ. மண் ரோட்டில் (தொடக்கம், முடிவு ஜி.பி.எஸ். ஆயங்கள் இணைப்பில்) டிசம்பர் 15 முதல் மே 31 வரை, காலை 8 முதல் மாலை 4 மணி வரை, பதிவெண் உள்ள இருசக்கர வாகனங்களை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 20 என்ற கணக்கில் அனுமதிக்கக் கோருகிறோம். இரண்டாவது ஓடைக்கடவில் பாதை நீரோட்டத்துக்குள் இறங்குகிறது. அந்த 180 மீட்டரை மூடிவிட்டு, மேலேயுள்ள பழைய வண்டித்தடத்தை மாற்றாகக் கொள்ளலாம். மாலை 4 மணிக்குப் பிறகு யானை கடக்கும் இடம் என்று குடியிருப்பு மக்கள் சொல்வதால் நேரக் கட்டுப்பாட்டை நாங்களே கேட்கிறோம்.'

எண்கள் மாதிரிக்கு. உங்கள் பாதையை நீங்களே அளந்து எழுத வேண்டும். எதைத் திறக்க வேண்டும் என்பதோடு எதை மூட வேண்டும் என்பதும் அதில் இருப்பதைப் பாருங்கள். அதனால்தான் மனுவைப் படிக்கிறவர் இரண்டாவது பக்கத்தைப் புரட்டுவார்.

அளக்கும்போது ஆயங்களைத் தசமத்தில் ஐந்து இலக்கம் வரை குறியுங்கள். ஐந்தாவது இலக்கம் சுமார் ஒரு மீட்டர். அடர்ந்த மரத்தடியில் போன் ஜி.பி.எஸ். பத்து மீட்டருக்கு மேலும் தள்ளிக் காட்டும். ஓடைக்கடவு, வளைவு, கேட் ஆகிய இடங்களில் இரண்டு நிமிடம் நின்று, சராசரி எடுத்துக் குறிக்க வேண்டும். இந்த அளவெடுப்பை அனுமதி உள்ள ரோட்டில் மட்டும் செய்யுங்கள். சரணாலயத்துக்குள் ஓட்டிய தடத்தை ஆதாரமாக இணைத்தால், நீங்களே எழுதிக் கொடுத்த குற்ற ஒப்புதல் அது. ஓட்டிய தடத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா போன்ற செயலிகளில் பொதுவில் ஏற்றினாலும் அதே கதிதான். கூடவே அந்த வழியை நாலு பேருக்குக் காட்டிக்கொடுத்ததும் ஆகும்.

மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் படி இறங்காதீர்கள்.

மழை பெய்தால் தானாக மண் அரிக்கிறது. எங்கள் டயரால்தான் பாதை கெடுகிறது என்பது வீண்பழி இல்லையா?
– வாசகர், அருமனை

பாதி வீண்பழி. அரிப்பது தண்ணீர்தான். ஆனால் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுப்பது டயர். ஏற்றத்தில் பின்சக்கரம் சுழன்று மேல்மண்ணைக் கிளறும். இறக்கத்தில் பின்பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு கோடு இழுக்கும். கோடு ஆழமானதும் அடுத்து வருகிறவர் அதை ஒதுக்கி ஓரமாக ஏறுவார். இரண்டு பருவத்தில் ஒற்றையடித்தடம் மூன்று தடமாகிவிடும். ரப்பர் தோட்டத்தில் இன்னும் மோசம்: சரிவுக்குக் குறுக்கே வெட்டிய படித்தளத்தின் விளிம்பை ஒரு பைக் ஏறி உடைத்தால், தேங்கி ஊற வேண்டிய நீர் அந்த வாயில் மொத்தமாக இறங்கிக் கீழ்த்தளத்தையும் உடைக்கும்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. ஜூன் முதல் டிசம்பர் வரை மண் ஆறுவதற்கு இடைவெளி குறைவு. மாதிரி மனுவில் டிசம்பர் 15-க்கு முன் கேட்காததற்கு அதுவே காரணம். அப்போதும் மழை ஓயாவிட்டால் தள்ளிப்போடச் சம்மதம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பாதை அமைப்பில் மூன்று விஷயம். பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் பாதிக்கு மேல் போகக்கூடாது. சரிவு 30 சதவீதம் என்றால் பாதை 15-க்குள், முழு நீளத்துக்குச் சராசரி 10 சதவீதத்தை ஒட்டி. பாதை மலையை நேராக ஏறாமல் குறுக்காக ஏற வேண்டும். பள்ளத்துப் பக்க ஓரம் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் நீர் அகலமாகப் பரவி வெளியேறும். நீரைத் திருப்ப மரக்கட்டை புதைப்பதைவிட, பாதையையே சற்றுத் தாழ்த்தி மறுபடி ஏற்றிவிடுகிற நீளமான பள்ளம் பைக்குக்கு நல்லது. கட்டையைச் சக்கரம் இடித்து இடித்து ஒரு மழைக்காலத்தில் பெயர்த்துவிடும், அதைச் சுற்றிப் புதுத்தடமும் விழும்.

சைலன்ஸர் மாற்றினால் சத்தம் கேட்டு யானை விலகிப் போகுமே, நல்லதுதானே?
– வாசகர், பூதப்பாண்டி

இல்லை. குட்டியோடு நிற்கும் கூட்டம் சத்தத்துக்கு விலகும் என்று யாரும் உறுதி தர முடியாது, திரும்பி வந்தால் வளைவில் உங்களுக்குப் பைக்கைத் திருப்ப இடமும் இருக்காது. அகஸ்தியமலை யானைகள் காப்பகத்தில் நம் வனக்கோட்டமும் சேர்ந்தது 2022-ல். சத்தமான ஒரே ஒரு வண்டி மொத்தக் கிளப்பின் மனுவையும் கெடுக்கும்.

பட்டா நிலத்தில், சொந்த ரப்பர் தோட்டத்தில் ட்ராக் போடலாமா?
– வாசகர், திற்பரப்பு

போடலாம், இரண்டு விஷயம் பார்த்துவிட்டு. உங்கள் வருவாய் கிராமம் ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா, நிலம் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறதா. இருந்தால் ஜே.சி.பி. விட்டு மண் வெட்டுவதற்கே அனுமதி வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கொடுத்து எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

வரைவு அறிவிக்கைக்கான 60 நாள் முடிந்தபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இனி என்ன செய்வது?
– வாசகர், அழகியபாண்டியபுரம்

தாமதமாக வந்த கடிதத்தைப் பார்க்க அமைச்சகத்துக்குக் கடமை இல்லை. ஆனாலும் அனுப்பி, நகலை மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் கொடுங்கள். இறுதி அறிவிக்கைக்குப் பின் அமையும் கண்காணிப்புக் குழுவுக்குப் பெரும்பாலும் ஆட்சியர்தான் தலைவர். மண்டல முதன்மைத் திட்டம் தயாரிக்கும்போது அந்த நகல் கோப்பில் இருக்கும். அறுபது நாள் எண்ணத் தொடங்குவது, அந்த அரசிதழின் பிரதிகள் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்த தேதியிலிருந்து. பத்திரிகையில் செய்தி வந்த நாளிலிருந்து அல்ல. கிளப்பில் ஒருவர் வாரம் ஒருமுறை இ-கெசட் தளத்தில் 'கன்னியாகுமரி' என்று ஆங்கில எழுத்தில், இருவிதமான எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பார்க்கட்டும். அரசுக் காகிதங்களில் இரண்டும் வருகிறது.