பதில்: ஸ்ப்ளங்கில் சேமித்த தேடல்களை ஏபிஐ வழியாகப் படியெடுத்தால் 400 பிழை

வணக்கம். ஸ்ப்ளங்கில் (பதிவுகளைத் தேடி ஆராயும் மென்பொருள்) சேமித்த தேடல்களை ஏபிஐ (நிரல் வழி அணுகும் முறை) மூலம் படியெடுத்தால் 400, அதாவது 'தவறான கோரிக்கை' பிழை வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். கெட் (தகவலைப் பெறும்) அழைப்பில் வந்த பதிலை அப்படியே போஸ்ட்டில் (தகவலை அனுப்பும் அழைப்பில்) திருப்பி அனுப்புவதால்தான் 400 வருகிறது. அடுத்து ஓடும் நேரம், உரிமை விவரம் போன்றவை படிக்க மட்டுமே. அனுப்பினால் சர்வர் ஏற்காது. புதிய பெயர், தேடல் வரி, கால எல்லை, கிரான் அட்டவணை (எப்போது ஓட வேண்டும் என்ற குறிப்பு), மின்னஞ்சல் அமைப்பு, இவை மட்டும் போதும். பழைய பெயரையே அதே ஆப்பில் வைத்தால் 409, அதாவது 'ஏற்கெனவே உள்ளது' என்ற பிழை.

கோரிக்கைகளை அனுப்ப கர்ல் என்ற கட்டளைக் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் அல்லவா? தேடல் வரியை 'டேட்டா யூஆர்எல் என்கோட்' முறையில் அனுப்புங்கள். இல்லாவிட்டால் கூட்டல் குறி இடைவெளியாகிவிடும். பிழையே காட்டாது, அலர்ட் மட்டும் சத்தமில்லாமல் செத்துக் கிடக்கும். இதுதான் மோசமானது.

உங்கள் பயனர் பெயரில் உருவாக்கியது உங்களுக்கு மட்டுமே தெரியும். மொரீஷியஸின் போர்ட் லூயி குழுவுக்கும் தெரிய, அந்தத் தேடலின் ஏசிஎல் (அணுகல் உரிமை) முகவரிக்குத் தனி போஸ்ட்: உரிமையாளர், பகிர்வு இரண்டும் கட்டாயம்.

கிரான், சர்ச் ஹெட்டின் (தேடல்களை நடத்தும் சர்வரின்) நேரப்படி ஓடும். உங்களுடையது ஜொகானஸ்பர்க் நேரத்தில் இருப்பதால், மொரீஷியஸ் காலை 6 மணிக்கு 4 என்று போடுங்கள். சரிபார்க்கும்வரை அட்டவணையை அணைத்தே வையுங்கள், இல்லையேல் பழையதும் படியும் சேர்ந்து ஓடி எல்லோருக்கும் இரட்டை மின்னஞ்சல்.