பிரார்த்தனை நேரத்தில் நான் எங்கே நிற்பது?

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தைச் சுத்தம் செய்ய ஞாயிறுதோறும் கோயில், தேவாலயம், ஜமாத் ஆட்களோடு நானும் இறங்குகிறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. தொடங்குமுன் அவர்கள் பிரார்த்திக்கும்போது தள்ளி நிற்பேன், ஒருமுறை சிரித்தும்விட்டேன். “சாமி இல்லாதவனுக்கு இங்கே என்ன வேலை?” என்று ஓர் இளைஞன் கேட்டுவிட்டான். விலகிவிடலாமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: விலகாதீர்கள். ஆனால் முதலில் அந்தச் சிரிப்புக்கு மன்னிப்புக் கேளுங்கள். தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள் நான். கடவுள் இல்லை என்று யார் வாதாடினாலும் எனக்கு வலிப்பதில்லை. கண்மூடி நிற்கும்போது காதில் விழும் சிரிப்பு வலிக்கும்.

ஆந்திரத்தில் கோரா என்றொரு நாத்திகர் இருந்தார். தீண்டாமையை ஒழிக்கப் பாடுபட்டவர். 1944-இல் காந்தியின் ஆசிரமம் இருந்த சேவாகிராமம் போய் அவரைச் சந்தித்தார். கடவுள் விஷயத்தில் இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆனாலும், தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த இளைஞருக்குத் தம் மகளை மணமுடிக்கக் கோரா முடிவு செய்தபோது, ஆசிரமத்தில் தாமே நடத்திவைப்பதாகக் காந்தி ஒப்புக்கொண்டார். சடங்கில் கடவுள் பெயர் வருமே? அந்த இடத்தில் ‘சத்தியத்தின் பெயரால்’ என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். ராம நாமத்தை விடாத மனிதர் இப்படி இறங்கிவந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் அந்தச் சொல்லைத் திருமணத்தில் சொல்லக் காந்தி இருக்கவில்லை. 1948 ஜனவரியில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மார்ச்சில் அதே சேவாகிராமத்தில் திருமணம் நடந்தது.

கோராவும் நம்பியதுபோல் நடிக்கவில்லை. நீங்களும் ஒப்புக்காகக் கைகூப்ப வேண்டாம். உண்மையாகவே கும்பிடுகிறவர்களுக்கு அது மரியாதை ஆகாது. அவர்கள் பிரார்த்திக்கும் ஐந்து நிமிடத்தில் கயிறு, கூடை, மண்வெட்டிகளைக் கரையில் எடுத்து வையுங்கள். உங்களையும் கும்பிடச் சொல்லி வற்புறுத்தினால், கூட்டத்தில் எதிர்த்துப் பேசாமல், பெரியவர்கள் இரண்டு பேரைத் தனியாகப் பார்த்து, “உங்கள் பிரார்த்தனை நடக்கட்டும், என்னைக் கட்டாயப்படுத்தாதீர்கள்” என்று சொல்லுங்கள். ஊரில் பெரும்பாலோர் இதைப் புரிந்துகொள்வார்கள்.

அந்த இளைஞனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஆகாயத்தாமரையை இழுக்கும்போது கயிற்றின் மறுமுனையை அவனிடம் கொடுங்கள். இரண்டு மூன்று ஞாயிறு கழித்து, என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.