மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட்: மேசைக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் 2026 செப்டம்பரில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடக்கும் அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழா பார்க்கப் போக விரும்புகிறோம். கூடாரத்தில் மேசை முன்பதிவு செய்து தருவதாகச் சொல்லி ஒரு பயண ஏஜென்சி பெருந்தொகை கேட்கிறது. முன்பதிவு இல்லாமல் உள்ளே போகவே முடியாதா? எந்த நாட்களில் போவது நல்லது? எங்களில் ஒருவர் சைவம், மதுவும் அருந்தாதவர். அவருக்கு அங்கே என்ன இருக்கும்? (கோவை வாசகர் ஒருவர்)

பதில்: அந்தத் தொகையைக் கட்ட வேண்டாம். விழா நடக்கும் தெரேசியன்வீஸ மைதானத்துக்கும் அங்குள்ள பெரிய கூடாரங்களுக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது. கூடாரத்துக்குள் உட்கார இடம் பிடித்தவர்களுக்குத்தான் பீர் பரிமாறுவார்கள் என்பதால் எல்லாரும் இடத்துக்காகவே தவிக்கிறார்கள். அந்தத் தவிப்பைத்தான் இடைத்தரகர்கள் காசாக்குகிறார்கள். முன்பதிவை அந்தந்தக் கூடாரத்தை நடத்துபவரே நேரடியாக, பெரும்பாலும் ஆண்டின் முற்பகுதியில், தம் இணையதளம் வழியாக ஏற்கிறார். முன்பதிவுக்கென்று தனிக் கட்டணம் இல்லை. தலைக்கு இரண்டு லிட்டர் பீரும் அரைக் கோழியும் என்ற அளவில் கூப்பன்களை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு மேசை என்பது 8 முதல் 10 பேருக்கானது என்பதால், நால்வராகப் போகும் நீங்கள் மற்றவர்களின் கூப்பனுக்கும் சேர்த்துப் பணம் கட்ட நேரும். இடைத்தரகர் விற்கும் மேசையைக் கூடாரக்காரர் ஏற்காமல் போகவும் வாய்ப்புண்டு. இந்த மறுவிற்பனையை எதிர்த்துக் கூடாரக்காரர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2020-இல் மியூனிக் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது.

பெரிய கூடாரங்களில் ஒரு பங்கு இடத்தை முன்பதிவின்றி வருபவர்களுக்கென விட்டுவைக்க வேண்டும் என்பது மாநகராட்சியின் விதி. ஆகவே உங்களுக்குத் தேவை சரியான நாளும் சரியான நேரமும்தான். பெயரில் அக்டோபர் இருந்தாலும் விழாவின் பெரும்பகுதி செப்டம்பரிலேயே முடிந்துவிடும். 1810 அக்டோபர் 12 அன்று, மியூனிக்கைத் தலைநகராகக் கொண்ட பவேரியாவின் பட்டத்து இளவரசர் லுட்விக், இளவரசி தெரேசை மணந்ததையொட்டி நடந்த குதிரைப் பந்தயத்தில் தொடங்கிய இவ்விழா, குளிரைத் தவிர்ப்பதற்காக 19-ஆம் நூற்றாண்டிலேயே முன்னால் நகர்த்தப்பட்டது. 2026-இல் செப்டம்பர் 19 சனிக்கிழமை தொடங்கி அக்டோபர் 4 ஞாயிற்றுக்கிழமை முடிகிறது.

முதல் நாள் நண்பகல் 12 மணிக்கு மேயர் முதல் பீப்பாயைத் திறக்கும் வரை யாருக்கும் பீர் கிடையாது. ஆனால் இடம் பிடிக்க விடியற்காலையிலிருந்தே வரிசை நிற்கும். முதல்முறை போகிறவர்களுக்கு அந்த நாளை நான் பரிந்துரைப்பதில்லை. சனிக்கிழமை மியூனிக் போய்ச் சேர்ந்து, ஞாயிறு காலை நகர வீதிகளில் வரும் மரபு உடை ஊர்வலத்தைத் தெருவோரம் நின்று இலவசமாகப் பாருங்கள். திங்கள் அல்லது செவ்வாய் காலை, கூடாரம் திறக்கும் 10 மணியை ஒட்டி உள்ளே போனால் நால்வருக்கு இடம் கிடைப்பது சிரமமில்லை. மாலை வேளைக்கு முன்பதிவான மேசைகளில் அதற்குரிய சீட்டு இருக்கும். அதில் குறித்துள்ள நேரம் வரை நீங்கள் அமரலாமா என்று பரிமாறுபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாலை 6 மணி வரை இசைக்குழுவின் ஒலி 85 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பதும் விதி என்பதால், பகலில் ஒருவரோடொருவர் பேசவாவது முடியும். வார இறுதிகளில், அதிலும் நடுச் சனிக்கிழமையில், காலையிலேயே கூடாரங்கள் நிரம்பிக் கதவை மூடிவிடுவார்கள்.

பீர் வருவது ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளையில். குவளை மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல் எடை என்பதால், கைப்பிடிக்குள் விரல்களை முழுவதும் நுழைத்துப் பிடித்தால்தான் மணிக்கட்டு தாங்கும். பரிமாறும் பெண்கள் அப்படிப்பட்ட பத்துக் குவளைகளை ஒரே நடையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் வரும் வழியை மறிக்காதீர்கள். குவளை மேசைக்கு வந்ததும் காசு கொடுத்துவிட வேண்டும் என்பதால் கையில் ரொக்கம் இருப்பது நல்லது. 2025-இல் ஒரு குவளையின் விலை கூடாரத்தைப் பொறுத்து 14.50 முதல் 15.80 யூரோ வரை இருந்தது. மியூனிக்கின் ஆறு மதுவாலைகள் இவ்விழாவுக்கெனத் தயாரிக்கும் பீரில் ஆல்கஹால் சுமார் 6 சதவீதம். அதாவது ஒரு குவளையில் ஏறத்தாழ 60 மி.லி. ஆல்கஹால், நம்மூர்க் கணக்கில் இரண்டு லார்ஜ் விஸ்கிக்கும் கூடுதல். வீரியம் தெரியாமல் மென்மையாக இறங்கும் இந்தப் பீரை வெறும் வயிற்றில் குடிக்கவே கூடாது. பெஞ்சின் மேல் ஏறி ஆடலாம். மேசையில் ஏறினால் வெளியேற்றிவிடுவார்கள்.

உங்கள் சைவ நண்பர் பட்டினி கிடக்கத் தேவையில்லை. பாலாடைக்கட்டியில் புரட்டிய கேஸ்ஷ்பெட்ஸ்லே, பெரிய பிரெட்சல் ரொட்டி, ஓபட்ஸ்டா என்ற பாலாடைக்கட்டிக் கூழ் ஆகியவை பரவலாகக் கிடைக்கும். முட்டை சாப்பிடுபவரா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் ஷ்பெட்ஸ்லே மாவில் முட்டை உண்டு. ஆல்கஹால் இல்லாத பீரும் எலுமிச்சைச் சோடாவும் கூடாரங்களிலேயே கிடைக்கும். மைதானத்தின் தெற்குப் பகுதியில் அமையும் ஓய்டெ வீஸன் என்ற பழைய பாணி விழாத்திடல், வேளாண் விழாவுக்கு இடம்விட்டு 2026-இல் நடக்காது. 2025-இல் 4 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கிய அந்தப் பகுதியில் பழங்கால ராட்டினங்கள், பவேரிய நாட்டுப்புற நடனம், சுட்ட மண் குவளையில் பீர் என எல்லாம் நிதானமாக நடந்தன. அது நடக்கும் ஆண்டுகளில் விழாவின் பழைய முகத்தை அங்கேதான் பார்க்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

செலவில் பெரும்பகுதியை விழுங்குவது தங்குமிடம். விழா நாட்களில் மியூனிக் ஓட்டல் வாடகை பன்மடங்கு ஏறும். ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய ஆக்ஸ்பர்க்கில் தங்குவது சிக்கனம். ஜெர்மனிக்குள் நுழையத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். மது அருந்திய நிலையில் நேரும் விபத்துக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை என்பதால் அந்த விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மூன்று லிட்டர் கொள்ளளவுக்கு மேற்பட்ட பைகளையும் முதுகுப் பைகளையும் மைதானத்துக்குள் விடமாட்டார்கள். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெறுங்கையாகப் போங்கள். திரும்பும்போது தெரேசியன்வீஸ சுரங்க ரயில் நிலையத்தில் நெரிசல் கடுமையாக இருக்கும் என்பதால், கோதேபிளாட்ஸ் நிலையத்துக்கோ, கால் மணி நேரத் தொலைவில் உள்ள மத்திய ரயில் நிலையத்துக்கோ நடந்தே போய்விடுங்கள். குடித்துவிட்டு மின்-ஸ்கூட்டர் ஓட்டினால் காருக்குரிய அதே மது அளவு விதியின்கீழ் தண்டிக்கப்படுவீர்கள்.