டார்ட்ஃபர்டும் ஆர்பிங்டனும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிப் பேச்சுப் போட்டியில் 'தோல்வியே வெற்றிக்கு முதல் படி' என்று தலைப்பு. பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார் ஆசிரியை. முதலில் நின்ற இரண்டு தேர்தலிலும் அவர் தோற்றார் என்று படித்தோம். ஆனால் அது அவர் கட்சி ஜெயிக்க வாய்ப்பே இல்லாத தொகுதி என்றும் போட்டிருக்கிறது. தெரிந்தே தோற்கிற இடத்தில் ஒரு கட்சி ஏன் ஆளை நிறுத்துகிறது, அதை எப்படி விடாமுயற்சி என்று சொல்வது என்று மகள் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

– ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். அவளிடம் சொல்லுங்கள்.

தாட்சரின் அரசியலோடு எனக்கு ஒப்புதல் கிடையாது. சுரங்கத் தொழிலாளர்களை அவர் நடத்திய விதத்தை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் அவருடைய ஆரம்பக் காலத்தைப் படிக்கும்போது மனம் அவர் பக்கம்தான் சாய்கிறது.

டார்ட்ஃபர்ட் லண்டனுக்குக் கிழக்கே, கென்ட் பகுதியில் இருக்கும் ஊர். எரித், கிரேஃபோர்ட் போன்ற தொழிற்சாலை ஊர்களும் அன்று அந்தத் தொகுதியில் சேர்ந்திருந்தன. 1945இல் லேபர் (தொழிலாளர்) கட்சியின் நார்மன் டாட்ஸ் அங்கே ஏறத்தாழ 20,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1948இல் லேண்டட்னோ என்ற கடற்கரை ஊரில் தாட்சரின் கட்சியான கன்சர்வேடிவ் கட்சியின் மாநாடு நடந்தபோது, ஆக்ஸ்ஃபோர்ட் நண்பர் ஒருவர் டார்ட்ஃபர்ட் கட்சித் தலைவர் ஜான் மில்லரிடம் மார்கரெட் ராபர்ட்ஸ் (கல்யாணத்துக்கு முன் தாட்சரின் பெயர்) என்ற பெண்ணின் பெயரைச் சொன்னார். அது தொழிலாளர் கோட்டை, பெண் சரிப்பட்டு வரமாட்டார் என்பதுதான் மில்லரின் முதல் பதில். நேரில் பார்த்த பிறகு மனம் மாறினார்.

கட்சி ஏன் நிறுத்தியது என்பதற்குப் பதில் இங்கே இருக்கிறது. ஜெயிக்கிற தொகுதிக்கு ஆள் முட்டிமோதுவார்கள். தோற்கிற தொகுதிக்கு ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதனால் அங்கே கதவு கொஞ்சம் திறந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. அதுவரை கன்சர்வேடிவ் வேட்பாளர் தன் தேர்தல் செலவைத் தானே ஏற்பதுதான் பெரும்பாலும் வழக்கம். 1940களின் கடைசியில் அதை மாற்றி, வேட்பாளர் உள்ளூர்க் கட்சிக்குத் தரும் பணத்துக்கு வருடம் 25 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தார்கள். கிராந்தம் ஊர் மளிகைக்கடைக்காரரின் மகள் தேர்தலில் நிற்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போது அவர் வேதியியல் படித்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் எஸ்ஸெக்ஸில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி, அப்புறம் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் லயன்ஸ் உணவு நிறுவனம். டார்ட்ஃபர்டில் ஒரு வீட்டில் தங்கிக்கொண்டு விடிகாலையில் ரயில் பிடித்து வேலைக்குப் போவார். சாயங்காலம் திரும்பி வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டுவார். ஊர் மதுக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று அவர் பீர் ஊற்றுகிற புகைப்படம் ஒன்று உண்டு. அதை மகளுக்குக் காட்டுங்கள். ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் என்ன வேலை கொடுத்தாலும் செய்கிற 20களில் இருக்கும் ஒரு பெண்ணை அதில் பார்க்கலாம்.

அவருடைய கோஷமும் நன்றாக இருக்கும். ஆங்கிலத்தில் 'ரைட்' என்றால் வலது, சரி என்று இரண்டு பொருள். 'லெஃப்ட்' என்றால் இடது, மிச்சம். 'சரியாக ஓட்டுப் போட்டு மிச்சமிருப்பதைக் காப்பாற்றுங்கள்' என்பதையே 'வலதுசாரிகளான எங்களுக்குப் போடுங்கள்' என்றும் கேட்கிற மாதிரி அமைத்திருந்தார். இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் இருந்த காலம். 'மிச்சமிருப்பது' என்ற சொல் வீட்டு அலமாரியைத் திறந்தவுடன் புரிந்திருக்கும்.

1950 பிப்ரவரியில் டாட்ஸுக்கு 38,128 ஓட்டு, அவருக்கு 24,490. வித்தியாசம் 13,638. சுமார் 6,000 குறைந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் மறுபடி தேர்தல், வித்தியாசம் 12,334. இந்த எண்களைச் சாதனை மாதிரி எல்லோரும் எழுதுவார்கள். நான் எழுத மாட்டேன். நாடு முழுக்கவே அப்போது லேபருக்கு எதிராகக் காற்று வீசியது. 1950இல் 5,011 ஓட்டு வாங்கிய மூன்றாவது கட்சியான லிபரல் வேட்பாளர் 1951இல் இல்லை. கடைசி 1,304 ஓட்டுக் குறைவை முழுக்க அவர் திறமைக்கு வரவு வைப்பது நியாயமில்லை.

ஆக, டார்ட்ஃபர்ட் தோல்வியால் அவருக்கு எந்தக் காயமும் இல்லை. யார் நின்றாலும் தோற்றிருப்பார்கள். உண்மையில் லாபம்தான். வேட்பாளராக ஏற்றுக்கொள்ளப்பட்ட அன்று நடந்த விருந்தில்தான் எரித்தில் பெயின்ட் கம்பெனி நடத்திய டெனிஸ் தாட்சரைச் சந்தித்தார். 1951 டிசம்பரில் கல்யாணம்.

அடி விழுந்தது அதற்கப்புறம். 1953 ஆகஸ்டில் இரட்டைக் குழந்தைகள். டிசம்பரிலேயே வழக்கறிஞர் இறுதித் தேர்வை எழுதி முடித்தார். பிறகு ஜெயிக்கக்கூடிய தொகுதி தேடிக் கிளம்பினார். ஆர்பிங்டன், பெக்கனம், மெய்ட்ஸ்டன் எல்லா இடத்திலும் கதவு சாத்தப்பட்டது. சாத்தியது வாக்காளர்கள் அல்ல, சொந்தக் கட்சியின் தேர்வுக் குழுக்கள். சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பாய் என்ற கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. கைக்குழந்தை வைத்திருந்த ஆண் வேட்பாளர்களிடம் அதை யாரும் கேட்டதாக நான் எங்கும் படித்ததில்லை. இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆர்பிங்டனில் அவரை முந்தியவர் டொனால்ட் சம்னர் என்ற உள்ளூர்க்காரர். அந்தத் தொகுதியில் இருக்கும் லாக்ஸ் பாட்டம் சாலைகள் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று தெரிந்த உறுப்பினர்தான் நமக்கு வேண்டும் என்று சம்னர் பேச, கூட்டம் சிரித்து அவர் பக்கம் போய்விட்டதாகத் தாட்சரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அதே சம்னர் 1961இல் நீதிபதியாகப் போனார். 1962 இடைத்தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி ஆர்பிங்டனை லிபரல்களிடம் கோட்டைவிட்டது.

1958இல் வடக்கு லண்டனின் ஃபின்ச்லி தொகுதிக்கான கட்சித் தேர்வுக் கூட்டத்தில் 46க்கு 43 என்று மயிரிழையில் தேறினார். 1959 பொதுத்தேர்தலில் 16,260 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டு பேர் ஓட்டை மாற்றிப் போட்டிருந்தால்கூட இந்தப் பேச்சுப் போட்டிக்கு ஆசிரியை வேறு ஆளைத் தேடியிருப்பார்.

மகளுக்கு மூன்று நிமிடம்தான் கொடுப்பார்கள் என்றால் டார்ட்ஃபர்டை இரண்டு வரியில் முடித்துவிட்டு நேராக ஆர்பிங்டனுக்குப் போகச் சொல்லுங்கள். போட்டி முடிந்ததும் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.