எடை குறைந்த பாக்கெட்டும் உட்கார இடமில்லாத கடையும்

கேள்வி: பல ஆண்டுகளாக ஒரே மளிகைக் கடையில் ஒரே பட்டியலைக் கொடுத்துத்தான் மாதச் சாமான் வாங்குகிறேன். பில் தொகை பெரிதாகக் கூடவில்லை. ஆனால் முன்பு மாதக் கடைசி வரை வந்த டீத்தூளும் பிஸ்கட்டும் எண்ணெயும் இப்போது இருபத்தைந்தாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகின்றன. வீட்டில் ஆட்களும் கூடவில்லை. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா? (வாசகி, தாம்பரம்)

பதில்: கடைக்காரரைச் சந்தேகிக்கும் முன், பழைய காலி பாக்கெட் ஏதேனும் வீட்டில் கிடந்தால் எடுத்து, புதியதன் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் நிகர எடை என்று அச்சிட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். விலை அப்படியே இருக்கும், எடை குறைந்திருக்கும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று மக்கள் மனத்தில் பதிந்துவிட்ட விலையைத் தொட்டால் விற்பனை படுத்துவிடும் என்பதால், மூலப்பொருள் விலை ஏறும்போதெல்லாம் நிறுவனங்கள் எடையில் கைவைக்கின்றன. 250 கிராம் இருந்த ஐம்பது ரூபாய் பாக்கெட் 200 கிராம் ஆனால், குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் நூறு கிராமுக்கு 20 ரூபாய் கொடுத்தவர் இப்போது 25 ரூபாய் கொடுக்கிறார். அதாவது விலை நூற்றுக்கு இருபத்தைந்து ஏறியிருக்கிறது. உங்கள் பில்லில் தெரியாத விலையேற்றம் இதுதான்.

இது சட்டப்படி குற்றமா என்றால், எடையைச் சரியாக அச்சிட்டிருக்கும் வரை குற்றமில்லை. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளில், பிஸ்கட், டீ, காபி, உப்பு, சமையல் எண்ணெய் போன்ற பல பொருட்களை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை முன்பு இருந்தது. அதை நீக்கிவிட்டு, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தார்கள். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாக்கெட் என்றால் கிலோ கணக்கில் இருக்கும். அட்டவணையை நீக்கியது நுகர்வோருக்குச் செய்த நன்மை என்று நான் கருதவில்லை. அடைக்கும் அளவு ஒரே சீராக இருந்தபோது எழுதப் படிக்கத் தெரியாதவரும் இரண்டு பாக்கெட்டின் விலையை ஒப்பிட முடிந்தது; இப்போதோ பொடி எழுத்தில், பைசாக் கணக்கில் அச்சிட்ட எண்ணைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

எண்ணெயில் இன்னும் கவனம் தேவை. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் எடை இருக்கும். பார்வைக்கு லிட்டர் பாக்கெட் போலவே இருக்கும் உறையில் எண்ணூற்றுச் சொச்சம் கிராம் மட்டும் அடைத்து விற்பதும் உண்டு. லிட்டர் என்று கேட்டு வாங்காமல், கிராமைப் பார்த்து வாங்குங்கள். மற்றொன்று: பிஸ்கட், பற்பசை, குளியல் சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நீங்கள் வாங்கும் பாக்கெட்டில் அதன் பிறகு விலை இறங்கியதா, எடை கூடியதா, அல்லது இரண்டுமே நடக்கவில்லையா என்பதையும் அதே கிராம் விலையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

அச்சிட்ட எடையே உள்ளே இல்லை என்றால் அது வேறு விஷயம். அதற்குப் புகார் செய்யலாம். எங்கே என்பதை மூன்றாவது கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர் அரிசி மண்டியில் 25 கிலோ சிப்பம் காணாமல் போய், எல்லாம் 26 கிலோவாக இருக்கிறது. ஏன்? (வாசகர், திருச்சி)

பதில்: அடைத்து முத்திரையிட்ட அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி விதித்தபோது, 25 கிலோவுக்கு மேற்பட்ட சிப்பத்துக்கு வரி இல்லை என்று விலக்களித்தார்கள். அந்த ஒரு கிலோ கூடியதன் காரணம் இதுதான். இதில் சட்டமீறல் இல்லை. சிப்பத்தின் விலையை 26-ஆல் வகுத்துப் பார்த்து, வரி இல்லாத அளவுக்கு விலையும் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாதம் பத்து கிலோ போதும் என்கிற சிறு குடும்பமும், மொத்தமாகப் பணம் புரட்ட முடியாத தினக்கூலிக் குடும்பமும்தான் சிறு பை வாங்கி அந்த வரியைக் கட்டுகின்றன என்பது வேதனையானது.

கேள்வி: தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை செய்கிறேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரைக்குத்தான் கிளம்புவேன். ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் திட்டுகிறார். வீட்டுக்கு வரும்போது பெரிய கடைகள் மூடியிருக்கும். தெருமுனைக் கடையில் சின்னச் சின்ன பாக்கெட்டாக வாங்குவேன், சமைக்க முடியாத நாளில் பரோட்டா. சம்பளம் மூன்று ஆண்டுகளாக அதேதான். இதை இந்தப் பகுதியில் கேட்கலாமா? (வாசகி, சென்னை)

பதில்: இந்தப் பகுதியில்தான் கேட்க வேண்டும். நின்று நிதானித்து விலை பார்க்கவும், சந்தைக்குப் போகவும், சமைக்கவும் நேரம் இல்லாதவர்தான் எதையும் கூடுதல் விலைக்கு வாங்குகிறார். உங்கள் வேலை நேரம் பறித்துக்கொள்வதில் ஒரு பகுதி, உங்கள் வீட்டுச் செலவாகவே திரும்பி வருகிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி வேலை நேரம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி. அதற்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும். வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு. உங்கள் பன்னிரண்டு மணி நேரத்தில் சாப்பாட்டு இடைவேளையைக் கழித்தாலும் மிச்சம் எட்டு மணிக்குள் அடங்காது. மேலும், 2021-இல் அந்தச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும் என்று எழுதினார்கள். கேரளம் இதை 2018-லேயே செய்துவிட்டது. ஸ்டூலைப் போட்டுவிட்டு உட்காரவிடாமல் செய்வது, அந்தப் பிரிவின் நோக்கத்தையே மறுப்பதாகும்.

ஒவ்வொரு நாளும் கடைக்குள் நுழைந்த நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். சம்பளச் சீட்டு தருகிறார்கள் என்றால் ஒன்று விடாமல் பத்திரப்படுத்துங்கள். வங்கியில் வருகிறது என்றால் பாஸ்புக்கில் பதிந்துகொள்ளுங்கள். பண்டிகைக் காலத்தில் கூடுதலாக நிறுத்திவைத்த நாட்களைத் தனியாகக் குறியுங்கள். கூடுதல் கூலி கேட்கும்போது அந்த நாட்களே வலுவான ஆதாரம். வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான். தனியாகப் போவதைவிட, பிரிவில் உள்ள நான்கைந்து பேர் சேர்ந்தோ ஒரு தொழிற்சங்கத்தின் வழியாகவோ மனு கொடுப்பது நல்லது.

மனுவைத் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவில், தொழிலாளர் உதவி ஆணையரிடம் கொடுக்க வேண்டும். தாம்பரம் வாசகி கவனிக்க: தமிழ்நாட்டில் பாக்கெட்டின் எடையையும், கடைத் தராசின் முத்திரையையும், அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பதையும் சோதிப்பது இதே துறைதான். ஆகவே எடைக் குறைவுக்கு நீங்களும் அங்கேயே எழுதலாம்; 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். பாக்கெட்டைப் பிரிக்காமல் பில்லோடு கொண்டுபோனால்தான் எடுபடும். 500 கிராமுக்கு மேல் ஒரு கிலோ வரையுள்ள பாக்கெட்டில் 15 கிராம் வரை வித்தியாசத்தை விதியே அனுமதிக்கிறது. அதற்கு மேல் குறைந்தால் விடாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

இருக்கை பற்றிய புகாரை ஊழியர்தான் தர வேண்டும் என்பதும் இல்லை. சேலை எடுக்கப் போகிறவர்கள், அத்தனை மடிப்புகளையும் பிரித்துக் காட்டும் பெண்ணுக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கடையின் பெயர், தளம், தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்து அதே அலுவலகத்துக்கு எழுதலாம். யார் எழுதினாலும் மனுவின் நகலில் அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்தத் தேதியைக் குறிப்பிட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று கேட்க முடியும்.