அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் இன்றும் குழந்தைகளிடம் எடுபடுவது ஏன்?

மன்னார்குடிக்கு அருகே ஒரு தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகளாகச் சிறு வகுப்புகளுக்குப் பாடம் நடத்தி வருபவன் என்ற முறையில் இதற்கு விடை எழுதுகிறேன். குழந்தையின் வாய்க்கு எது வசப்படுமோ அதை அறிந்து எழுதியவர் வள்ளியப்பா என்பதே நான் கண்ட காரணம்.

பாரதியின் பாப்பா பாட்டில் பெரியவர் ஒருவர் குழந்தையை அருகில் அழைத்து நல்லது சொல்கிறார். வள்ளியப்பாவின் சிறந்த பாடல்களில் அந்தப் பெரியவர் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. லட்டுப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: தட்டில் எட்டு லட்டு, பாதி கிட்டுவுக்கு, மீதி தங்கை பட்டுவுக்கு, கடைசியில் காலித் தட்டு. கதை அவ்வளவுதான். அடிக்கு அடி 'ட்டு' என்று முடிவதால் குழந்தைகள் தாமாகவே கை தட்டத் தொடங்கிவிடுகிறார்கள். எட்டில் பாதி நான்கு என்ற கணக்கும் போகிற போக்கில் மனத்தில் பதிந்துவிடுகிறது. லட்டுக்குப் பதிலாக வடை வைத்துப் பாட வேண்டும் என்று அடம்பிடித்த ஒரு சிறுமி, இரண்டாம் அடியிலேயே நின்றுபோய், "சார், வடை சேரமாட்டேங்குது" என்றாள். அடிகளின் இறுதி ஒத்து ஒலிக்கும் இயைபுத் தொடைக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்த இலக்கண நூலிலும் நான் படித்ததில்லை.

வள்ளியப்பா 1922-இல் புதுக்கோட்டைச் சீமையின் ராயவரத்தில் பிறந்தவர். சக்தி இதழில் சிறிது காலம் பணியாற்றிய பின் இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 'மலரும் உள்ளம்' என்ற பாடல் தொகுப்பு 1944-இல் வெளிவந்தது. பகலெல்லாம் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டே இத்தனையும் எழுதியவர், தாம் மட்டும் எழுதினால் போதாது என்று கருதி 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார் என்பதை, பாடல்களைப் புகழ்கிறவர்கள்கூடப் பல சமயம் மறந்துவிடுகிறார்கள். சிறுவர்களுக்கு எழுதுவதை ஓர் எழுத்தாளன் வெட்கமின்றித் தன் முழு வேலையாகச் சொல்லிக்கொள்ள அந்தச் சங்கம் இடம் கொடுத்தது. ஓய்வுக்குப் பின் 'கோகுலம்' சிறுவர் இதழின் கௌரவ ஆசிரியராக இருந்தபோதும் அவர் செய்தது இதே வேலைதான். 1989-இல் அவர் காலமானார்.

எல்லாப் பாடல்களும் ஒரே தரம் என்று நான் சொல்லமாட்டேன். தலைவர்களைப் போற்றும் பாடல்களை எங்கள் பிள்ளைகள் விழா மேடையில் ஒப்பிப்பதோடு சரி. லட்டுப் பாட்டும் அவருடைய மாம்பழப் பாட்டும் பாமணியாற்றுக் கரையில் விளையாடும்போதும் அவர்கள் வாயில் இருக்கின்றன.

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு அறிமுகம் செய்ய விரும்பினால், புத்தகத்தைக் கையில் கொடுத்து உட்காரவைக்காமல், நீங்களே இரண்டு முறை உரக்கப் பாடிக் காட்டுங்கள். பொருள் விளக்கம் வேண்டாம். அவர்களாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.